கைத்துப்பாக்கித் தோட்டாக்கள்: உதைப்பும் வலுவும் — வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைத்துப்பாக்கிகளின் காலிபர் (குழலின் உள்விட்ட அளவு; .45 போன்றவை அங்குலத்தில் சொல்லப்படுபவை) குறித்து வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைத் தேர்ந்து இங்கே பதில் தருகிறேன். உறை, வெடிமருந்து, குண்டு மூன்றும் சேர்ந்ததே தோட்டா; குழலிலிருந்து பறப்பது குண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளுவதே உதைப்பு. கீழே வரும் அளவுகள் யாவும் தொழிற்சாலையில் தயாராகும் வழக்கமான தோட்டாக்களுக்கு உரியவை. குழலின் நீளம், குண்டின் எடை, வெடிமருந்தின் அளவு ஆகியவை மாறினால் இவையும் ஓரளவு மாறும்.

கேள்வி: 9 மி.மீ. தோட்டாவும் .45 தோட்டாவும் ஏறத்தாழ ஒரே ஆற்றல் கொண்டவை என்று படித்தேன். அப்படியானால் .45 மட்டும் அதிகமாக உதைப்பது ஏன்?

பதில்: நீங்கள் படித்தது சரியே. 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவில் 8 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 350 மீட்டர் அளவிலான வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. அதன் ஆற்றல் 490 ஜூல். .45 ஏ.சி.பி. தோட்டாவில் குண்டின் எடை ஏறத்தாழ 15 கிராம், வேகம் நொடிக்கு 255 மீட்டர். ஆற்றல் 485 ஜூல். இரண்டுக்கும் வேறுபாடே இல்லை எனலாம்.

ஆனால் துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளுவது குண்டின் ஆற்றல் அன்று, அதன் உந்தம். பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதிதான் இங்கே செயல்படுகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் 9 மி.மீ. குண்டின் உந்தம் 2.8 அலகும் (அலகு: கிலோகிராம்-மீட்டர்/நொடி) .45 குண்டின் உந்தம் 3.8 அலகும் வருகின்றன. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். ஆற்றலைக் கணக்கிடும்போது வேகம் இருமடியாக நுழைவதால், இலேசான வேகக் குண்டு அங்கே ஈடுகட்டிவிடுகிறது; உந்தத்தில் அந்தச் சலுகை அதற்குக் கிடையாது. இரண்டு தோட்டாக்களையும் 900 கிராம் எடையுள்ள துப்பாக்கிகளில் சுட்டால், துப்பாக்கி பின்னோக்கி வரும் ஆற்றல் 9 மி.மீ.யில் 5 ஜூல் அளவிலும் .45இல் எட்டரை ஜூல் அளவிலும் இருக்கும்.

இருந்தும், '1911' என்ற மாதிரியைச் சேர்ந்த, எஃகாலான பழைய பிஸ்டலில் .45 சுட்டவர்கள் பலர் "அப்படியொன்றும் பெரிய உதைப்பு இல்லையே" என்கிறார்கள். அந்தத் துப்பாக்கி தோட்டா இல்லாமலே 1,100 கிராம் எடை கொண்டது. அதில் இதே தோட்டாவின் உதைப்பு 7 ஜூலாகக் குறைந்துவிடுகிறது. எனவே துப்பாக்கியின் எடையைச் சொல்லாமல் ஒரு காலிபரின் உதைப்பைப் பற்றி மட்டும் பேசினால், பாதிச் செய்தியைத்தான் சொன்னதாகும்.

கேள்வி: மேக்னம் எனப்படும் கூடுதல் வலுவுள்ள தோட்டாக்களின் உதைப்பு குண்டின் உந்தத்தை வைத்துக் கணக்கிட்டதைவிடக் கூடுதலாக வருகிறதே?

பதில்: குழல்வாயிலிருந்து குண்டு மட்டும் வெளியேறுவதில்லை. எரிந்த வெடிமருந்து முழுவதும் வாயுவாகக் குண்டின் பின்னால் பாய்கிறது; கைத்துப்பாக்கிகளில் அதன் வேகத்தைக் குண்டின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு என்று கொள்வது வழக்கம். 9 மி.மீ.யில் வெடிமருந்து அரைக் கிராமுக்கும் குறைவு என்பதால், மொத்த உந்தத்தில் வாயுவின் பங்கு சொற்பமே. .357 மேக்னத்தில் ஒரு கிராம் அளவுக்கு மருந்து இருப்பதால், அந்தப் பங்கு எட்டில் ஒன்றாகிவிடுகிறது. குழல்வாயில் பொருத்தும் காம்பன்சேட்டர் இந்த வாயுவைத்தான் மேல்நோக்கித் திருப்பி, குழல் எழும்புவதைத் தடுக்கிறது. வாயு குறைவாக உள்ள தோட்டாவில் அதனால் பெரிய பயன் கிடைக்காததற்கும் இதுவே காரணம்.

கேள்வி: புதிதாகச் சுடப் பழகுபவருக்குச் சிறிய, இலேசான ரிவால்வர் வசதியாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். அமெரிக்காவில் வசிக்கிறோம், வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இந்த ஆலோசனை பலரைச் சுடும் களத்தை விட்டே விரட்டியிருக்கிறது என்பதால் சற்று அழுத்தமாகச் சொல்கிறேன். இலேசான துப்பாக்கி இடுப்பில் சுமக்கத்தான் எளிது, சுடுவதற்கு அன்று. ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால், அது பின்னோக்கி வரும் ஆற்றல் இருமடங்காகும்.

டைட்டேனியம், ஸ்கேண்டியம் கலவைகளால் ஆன, 400 கிராமுக்கும் குறைவான .357 மேக்னம் ரிவால்வர்கள் விற்பனையில் உள்ளன. குட்டையான குழலில் வேகம் சற்றுக் குறைந்தாலும், அவற்றில் உதைப்பு ஏறத்தாழ 19 ஜூல் வருகிறது. 1,300 கிராம் எடையுள்ள பெரிய ரிவால்வரில் .44 மேக்னம் சுட்டால் வரும் அளவும் அதுவே. இவ்வளவு உதைப்பையும் தாங்க வேண்டியது சுண்டுவிரல்கூடச் சரியாக அமராத ஒரு சின்னப் பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் பிடியின் மேல்விளிம்பு வந்து குத்தும். ஐந்து தோட்டா சுட்டு முடிப்பதற்குள் அந்த இடம் சிவந்துவிடும். துப்பாக்கிக்குள்ளும் ஒரு விளைவு உண்டு. உதைப்பில் ரிவால்வர் சட்டென்று பின்னுக்கு வரும்போது, இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் குண்டுகள் தம் உறையிலிருந்து சிறிது சிறிதாக முன்னே நழுவி, ஒரு கட்டத்தில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, உருளையைச் சுழலவிடாமல் நிறுத்திவிடக்கூடும்.

பழகுவதற்கு '.22 லாங் ரைஃபிள்' என்ற சிறிய தோட்டாவைச் சுடும், ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலே போதும். அதன் உதைப்பு அரை ஜூலைக்கூட எட்டாது. தோட்டாவின் விலையும் குறைவு.

கேள்வி: .40 ஸ்மித் அண்ட் வெஸன் தோட்டா .45ஐ விடக் கூர்மையாகக் கையில் அடிப்பதாகத் தோன்றுகிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லையே?

பதில்: உந்தக் கணக்கில் .40 சற்றே கீழேதான் நிற்கிறது. ஆனால் .45 தோட்டாவினுள் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 21,000 பவுண்டு; .40இல் அது 35,000. அழுத்தம் கூடிய தோட்டாவில் குண்டு விரைவாக வெளியேறுவதால், உதைப்பு முழுவதும் இன்னும் குறுகிய நேரத்தில் வந்து முடிகிறது. அதோடு .40 பிஸ்டல்களில் பெரும்பாலானவை 9 மி.மீ. துப்பாக்கியின் அளவிலேயே பாலிமர் சட்டத்தில் கட்டப்பட்டவை. பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு வேகமாகப் பின்னே வந்து மோதுவதைக் கை உணர்கிறது. நீங்கள் ஒப்பிட்டது எஃகு 1911உடன் என்றால், உங்கள் கை சொல்வதும் கணக்கு சொல்வதும் ஒன்றுதான். குழல் கைக்கு எவ்வளவு மேலே அமைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்: அந்த உயரம் கூடக்கூட, அதே உதைப்பு குழல்வாயை அதிகமாக மேலே தூக்கும்.

கேள்வி: அமெரிக்க மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. 9 மி.மீ.யைக் கைவிட்டுப் பெரிய காலிபருக்குப் போய், பிறகு மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்பியது. முதலில் எடுத்த முடிவு தவறா?

பதில்: இந்தக் கதையை முழுமையாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் காலிபர் விவாதம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் வங்கிக் கொள்ளையர் இருவருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் கொல்லப்பட்டனர், ஐவர் காயமுற்றனர். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் கை வழியாக மார்புக்குள் நுழைந்த 9 மி.மீ. குண்டு, இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றுபோனது. அவன் அதன் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதைக் "காலிபர் போதவில்லை" என்று புரிந்துகொண்டார்கள். நிறுவனம் செய்த உருப்படியான காரியம் வேறு: சதைக்கு ஈடாகக் கொள்ளும் ஜெலட்டின் கட்டிகளில் ஒரே முறையில் எல்லாத் தோட்டாக்களையும் சோதித்து, குண்டு குறைந்தது 12 அங்குலம், அதிகம் போனால் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தது.

அடுத்து 1983இல் வெளிவந்த 10 மி.மீ. ஆட்டோ தோட்டாவைத் தேர்ந்தார்கள். முழு மருந்துடன் அது மேக்னத்துக்கு இணையானது. முகவர்கள் பலருக்கு அதன் உதைப்பும் துப்பாக்கியின் பருமனும் ஒத்துவரவில்லை. எனவே மருந்தைக் குறைத்து, 180 கிரெயின் (ஏறத்தாழ 11.7 கிராம்) குண்டை நொடிக்கு 290 மீட்டர் அளவில் செலுத்தும் தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். நீண்ட உறைக்குள் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. அந்த உறையைக் குட்டையாக்கி, 9 மி.மீ. அளவிலான துப்பாக்கியிலேயே பொருந்தும்படி ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் 1990இல் கொண்டுவந்ததுதான் .40. அமெரிக்கக் காவல் துறைகளில் பெரும்பாலானவை அதன் பக்கம் சாய்ந்தன.

இதற்கிடையில் குண்டு செய்யும் கலை முன்னேறியது. முனையில் குழிவுள்ள புதிய குண்டுகள் துணி, கண்ணாடி ஆகியவற்றைத் தாண்டிய பின்னும் சீராக விரிந்து, 9 மி.மீ.யிலேயே அந்த 12 அங்குல அளவை எட்டத் தொடங்கின. 2014இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு தன் ஆய்வில், காவல் பணிக்கான காலிபர்களிடையே காயத்தில் கண்டறியத்தக்க வேறுபாடு அரிது என்றும், பெரும்பாலோர் 9 மி.மீ.யில் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்றும் எழுதியது. அதன்பின் நிறுவனம் 9 மி.மீ.க்குத் திரும்பியது.

ஆகவே 1980களின் குண்டை வைத்து எடுத்த முடிவைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். குறைந்த உதைப்பு, மேகசினில் கூடுதல் தோட்டா, போதிய ஊடுருவல் மூன்றையும் ஒரே தோட்டா தர முடிந்த பிறகு .40க்கு உரிய காரணம் கரைந்துவிட்டது என்பதே என் கருத்து. விரியாத, முழு உலோக உறையிட்ட குண்டையே பயன்படுத்தும் படைகளுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரியும் குண்டுகளைப் போரில் 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் ஆங்கிலேயர் செய்த குண்டுகளே அந்தத் தடைக்கு முக்கியக் காரணமாயின.

கேள்வி: .45 குண்டு பட்டால் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவான் என்பது உண்மையா?

பதில்: இல்லை. அந்தக் குண்டின் உந்தம் 3.8 அலகுதான். 80 கிலோ எடையுள்ள மனிதருக்குள் அது முழுவதுமாக நின்றுவிட்டாலும், அவர் உடல் பெறும் வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர். சுடுபவரின் கை தாங்கும் உதையைவிடப் பெரிய உதையை அந்தக் குண்டு எதிரில் உள்ளவருக்குக் கொடுக்க முடியாது.

கேள்வி: .38 ஸ்பெஷல் தோட்டாவை .357 ரிவால்வரில் சுடலாம் என்கிறார்கள். காலிபர் வேறாக இருக்கும்போது அது எப்படி?

பதில்: இரண்டின் குண்டும் ஒரே விட்டம், .357 அங்குலம். 1898இல் வந்த .38 ஸ்பெஷலின் உறையை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டி, அழுத்தத்தைக் கூட்டி 1935இல் வெளியிட்டதே .357 மேக்னம். நீட்டியதன் நோக்கமே, புதிய தோட்டா பழைய .38 ரிவால்வருக்குள் நுழையாமல் தடுப்பது. அந்தப் பழைய துப்பாக்கி அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே .357 ரிவால்வரில் .38 சுடலாம், மாற்றிச் சுட முடியாது. .38இன் ஆற்றல் 270 ஜூல், .357இன் ஆற்றல் 720 ஜூல் என்பதால், ஒரே ரிவால்வரில் இரண்டு நிலை உதைப்பையும் அறிந்துகொள்ள இது நல்ல வழி.

கேள்வி: கடைகளில் கிடைப்பவற்றில் மிக வலுவானது எது?

பதில்: பரவலாக விற்பவற்றில் 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸன் மேக்னத்தைச் சொல்லலாம். அதன் வலுவான தோட்டாக்கள் 3,000 ஜூலைத் தாண்டுகின்றன, ஏ.கே.47இன் தோட்டாவே 2,000 ஜூல் அளவுதான். அதற்கான நீண்ட குழல் ரிவால்வர் இரண்டு கிலோ எடையுள்ளது. கரடி உலவும் காடுகளில் வேட்டையாடுவோரைத் தவிர வேறு யாருக்கும் அதனால் பயனில்லை.

கேள்வி: இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடம் .32 மட்டுமே அதிகம் காணப்படுவது ஏன்?

பதில்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட காலிபர், அது படையினருக்கும் காவலருக்கும் உரியது. எனவே கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வர்கள் .32இலேயே வந்தன. 2014இல் அறிமுகமான 'நிர்பீக்' 500 கிராம் எடையுள்ள .32 ரிவால்வர். தோட்டாவின் ஆற்றல் 150 ஜூல் அளவே என்பதால், அவ்வளவு இலேசான துப்பாக்கியிலும் உதைப்பு 2 ஜூலைச் சுற்றியே நிற்கும். மேலே சொன்ன .357 குட்டை ரிவால்வரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: .22இல் நன்றாகச் சுடுகிறேன். .32 தோட்டாவால் சுடும் 'சென்டர் ஃபயர்' பிஸ்டல் போட்டிக்கு மாறியதும் குண்டுகள் இலக்கின் கீழ்ப்பக்கம் விழுகின்றன. உதைப்பைத் தாங்கக் கையை வலுப்படுத்த வேண்டுமா?

பதில்: உங்கள் குறை கைவலுவில் இல்லை. போட்டி பிஸ்டலில் தட்டை முனைக் குண்டுள்ள .32 தோட்டாவின் உதைப்பு ஒரு ஜூல் அளவுதான்; .22ஐப் போல மூன்று மடங்கு என்றாலும், 9 மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு. விதிப்படி 7.62 முதல் 9.65 மி.மீ. வரை எந்தக் காலிபரையும் பயன்படுத்தலாம் என்றிருந்தும் முன்னணி வீரர்கள் .32ஐத் தேர்வது இந்தக் குறைந்த உதைப்புக்காகவே. விரைவுச் சுற்றில் மூன்று மூன்று நொடியே கிடைக்கும் இந்தப் போட்டியில்தான் இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 600க்கு 590 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தார்.

குண்டு கீழே விழுவதற்குக் காரணம், உதைப்பு வருமுன்பே அதை எதிர்த்துக் கை முன்னும் கீழுமாகத் தள்ளுவது. பயிற்றுநரிடம் சொல்லி, மேகசினில் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் இடையே வைக்கச் சொல்லுங்கள். அந்த முறை ட்ரிகரை அழுத்தும்போது வெடி கேட்காது, குழல்வாய் மட்டும் கீழே குனியும். நீங்களே அதைக் காண்பீர்கள். துப்பாக்கி காலி என்பதை உறுதிசெய்துகொண்டு, வெறும் சுவரை நோக்கி, முன்பார்வை முனை அசையாதபடி ட்ரிகரை அழுத்தும் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். களத்திலும் ஒவ்வொரு முறையும் முதல் பத்துத் தோட்டாவை .22இலேயே சுட்டுவிட்டு .32க்கு மாறுங்கள்.