சங்கத்துக்குப் பதிவு எண் இருந்தால் போதுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் டேக்வாண்டோ கற்கிறாள். எங்கள் மாவட்டத்தில் இரண்டு சங்கங்கள் இருக்கின்றன. இரண்டுமே ‘அரசு பதிவு பெற்றது’ என்கின்றன. பிற்காலத்தில் வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் யாருடைய சான்றிதழ் செல்லும்? நுழைவுக் கட்டணம், பயணச் செலவு எல்லாம் நாங்களே கட்டுகிறோமே, அரசு தரும் பணம் எங்கே போகிறது?

பதில்: லெட்டர்பேடில் இருக்கும் பதிவு எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள், அம்மா. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். இந்தியக் கிரிக்கெட் வாரியமே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம்தான். நீங்கள் பார்க்க வேண்டியது அங்கீகாரத்தை.

அங்கீகாரம் மேலிருந்து இறங்கி வருவது. ஒரு விளையாட்டுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தேசியக் கூட்டமைப்பு, அதில் இணைந்த மாநிலச் சங்கம், அதன்கீழ் மாவட்டச் சங்கம். 2011-இன் தேசிய விளையாட்டு நெறிமுறைப்படி மத்திய விளையாட்டு அமைச்சகம் கூட்டமைப்புகளை அங்கீகரித்து வந்தது. 2025-இல் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் அந்தப் பொறுப்பைத் தேசிய விளையாட்டு வாரியத்துக்குத் தருகிறது.

ஆகவே மேலிருந்தே தேடுங்கள். அங்கீகாரப் பட்டியலில் உங்கள் விளையாட்டின் கூட்டமைப்பு எது, தமிழ்நாட்டில் அது சேர்த்திருக்கும் சங்கம் எது, அந்த மாநிலச் சங்கம் உங்கள் மாவட்டத்தில் யாரை ஏற்றிருக்கிறது என்று வரிசையாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். போட்டி நடந்த நாளில் அங்கீகாரம் இருந்ததா என்பதும் முக்கியம். மல்யுத்தக் கூட்டமைப்பை 2023 டிசம்பரில் இடைநீக்கம் செய்த அமைச்சகம், 2025 மார்ச்சில்தான் அதை விலக்கிக்கொண்டது. கோஷ்டிச் சண்டையில் அடிபடுவது பிள்ளைகளின் ஆண்டுகள். இதில் எனக்குத் தீராத கோபம் உண்டு.

மத்திய அரசு வேலைக்கான படிவங்களில் நாட்டுக்காக ஆடியதற்குத் தேசியக் கூட்டமைப்பின் செயலாளரும், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு மாநிலச் சங்கச் செயலாளரும் கையெழுத்திட வேண்டும். மாவட்டச் செயலாளரின் கையெழுத்துக்கு அங்கே இடமே இல்லை.

பணம் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே செலவாகிறது. கூட்டமைப்பு ஆண்டுதோறும் பயிற்சி, போட்டித் திட்டம் போட்டுக் கொடுக்கும். தேசிய முகாம், பயிற்சியாளர் சம்பளம், வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றுக்கு அதன்படி மத்திய அரசு உதவுகிறது. ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கு 2014 முதல் தனித் திட்டம் இருக்கிறது. தேசிய ஹாக்கி அணிகளுக்கு 2018 முதல் ஒடிசா அரசே புரவலர். மாவட்டச் சங்கங்கள் நுழைவுக் கட்டணத்தையும் நன்கொடையையும் நம்பியே ஓடுகின்றன. கட்டணம் வாங்குவதாலேயே ஒரு சங்கம் மோசடியாகிவிடாது. ரசீது தராமல் வாங்கினாலோ, ‘மாநில அணியில் இடம் உறுதி’ என்று சொல்லி வாங்கினாலோ கொடுக்காதீர்கள். அரசு நிதி பெறும் தேசியக் கூட்டமைப்பிடம் தகவல் உரிமைச் சட்டப்படி கணக்குக் கேட்கலாம்.

இதெல்லாம் தெளிவாகும்வரை மகளைப் பள்ளி வழியிலும் ஆட விடுங்கள். பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகளில் மாநில அணிக்குத் தேர்வாகி தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடினால், அந்தச் சான்றிதழும் மத்திய அரசு ஒதுக்கீட்டில் ஏற்கப்படும். அதில் கையெழுத்திடுவது கல்வித்துறை; எந்தச் சங்கத்தையும் கெஞ்ச வேண்டியதில்லை. இந்த ஆண்டுப் போட்டி அட்டவணையை நாளைக்கே உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.