300 பேர் இருக்கும் எங்கள் இணையக் குழுவுக்கு எந்த ஹோஸ்டிங் எடுக்கலாம், பணத்தை எப்படிக் கட்டுவது?

300 பேருக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கே (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வது) தாராளம். டிஸ்கோர்ஸ் என்ற விவாத மன்ற மென்பொருளைப் போடுவதாக இருந்தால் மட்டும் அது சரிப்படாது. குறைந்தது 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ் (உங்களுக்கென்று தனியாக ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) வேண்டும். கொட்டை எழுத்தில் போடும் மாத விலை, பெரும்பாலும் மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும். புதுப்பிக்கும் விலையைத் தேடிப் பாருங்கள். இந்தியாவில் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு.

இதைவிட முக்கியம், டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) யார் கையில் இருக்கிறது என்பது. எங்கள் குழுவில் ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தார். அவர் அதைப் பார்ப்பதை நிறுத்தியதும் காலாவதி நினைவூட்டல் யார் கண்ணிலும் படவில்லை. ஒருநாள் காலையில் திறந்தால், எங்கள் பக்கம் இருந்த இடத்தில் வெறும் விளம்பரங்கள். டாட் காம் பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கட்டணம்தான் பல மடங்கு. தயவுசெய்து குழுவுக்கென்று தனி மின்னஞ்சல் வைத்து, கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுங்கள்.