மழைக்காலத்தில் குட்டி போடும் குதிரை: தேதியை நம்மால் மாற்ற முடியும்

கேள்வி: திருக்கோவிலூர் பக்கம் தென்பெண்ணைக் கரையில் நான்கு பெண் குதிரைகளும் ஒரு ஆண் குதிரையும் வைத்துக் குட்டி எடுத்து விற்கிறோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் லாயத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். குதிரைகளை எப்படியோ மேட்டுக்கு ஓட்டிக் காப்பாற்றிவிட்டோம். மூன்று வாரம் கழித்து ஒன்று குட்டி வீசிவிட்டது (சினை கலைந்துவிட்டது). அதற்கு முந்தைய வாரம் இன்னொன்று போட்ட குட்டி, தொப்புளில் சீழ் பிடித்து முட்டி வீங்கி இறந்தது. இந்த வருடமும் இரண்டு குதிரைகள் கார்த்திகையில் குட்டி போடும். இப்போதே என்ன செய்யலாம்? வெள்ளம் வந்தால் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டி வைக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்த அன்றே, தண்ணீர் வரும் முன், வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். இருட்டில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து மிரண்ட குதிரை, ஆளையும் இழுத்துக்கொண்டு லாயத்துக்கே திரும்ப ஓடும். அதற்குப் பழகிய இடம் அதுதான். கொண்டுபோக நேரமே கிடைக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்து வெளியே விரட்டி, திரும்ப நுழைய முடியாதபடி கதவைச் சாத்திவிடுங்கள். குதிரை நன்றாக நீந்தும். நைலான் தலைக்கயிற்றை மட்டும் கழற்றிவிடுங்கள். மிதந்து வரும் முள்ளிலும் கம்பியிலும் மாட்டிக்கொண்டால் அறுந்து வராது. உங்கள் கைப்பேசி எண்ணைக் குளம்பில் பெயின்டால் எழுதி வைத்தால் பத்து கிலோமீட்டர் தள்ளிப் பிடிபட்டாலும் வீடு வந்து சேரும்.

சரி, நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. போன வருடமும் மழைக்காலத்தில் குட்டி, இந்த வருடமும் மழைக்காலத்தில் குட்டி. இது தற்செயலாக நடப்பதில்லை. குட்டி போட்ட ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பெண் குதிரை மறுபடி சினைக்கு வரும். நம் ஊரில் பலரும் ஒன்பதாம் நாளே ஆண் குதிரையோடு சேர்த்துவிடுகிறார்கள். குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். கூட்டிப் பாருங்கள்: 349. ஆக அடுத்த குட்டி இதே தேதிக்குப் பதினாறு நாள் முன்னால் வரும். மார்கழியில் போட்டது கார்த்திகைக்கு வரும், கார்த்திகையில் போட்டது ஐப்பசிக்கு வரும். வடகிழக்குப் பருவமழையை விட்டு அது வெளியே வரச் சில வருடம் ஆகிவிடும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் போன்ற குளிர்ப் பகுதிப் பண்ணைக்காரர்களுக்கு இதில் அவ்வளவு வசதி இல்லை. அங்கே பகல் நீளும் காலத்தில்தான் குதிரை சினைக்கு வரும். பதினோரு மாதம் கழித்து வசந்தத்தில் குட்டி பிறக்கும். வசந்த மழையில் ஆறு பெருகுவதும் அதே மாதங்களில்தான். போதாததற்குப் பந்தயக் குதிரைகளுக்கு எல்லாம் ஜனவரி 1-ஐயே பிறந்த நாளாகக் கணக்கு வைப்பதால், குட்டியைத் தள்ளிப் போடவும் மனம் வராது. நமக்கு அந்தக் கட்டு கிடையாது. தமிழ்நாட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். தீனி சரியாக இருந்தால் நம் குதிரைகளில் பெரும்பாலானவை வருடம் முழுக்கச் சினைக்கு வரும். எனவே இந்தக் கார்த்திகையில் குட்டி போட்ட பிறகு ஒன்பதாம் நாள் சேர்க்காதீர்கள். பங்குனி வரை விட்டுவைத்து, பங்குனி, சித்திரை, வைகாசியில் சேருங்கள். குட்டிகள் மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில் காய்ந்த தரையில் விழும். நான்கு மாதத் தீனி கூடுதல் செலவுதான், மறுக்கவில்லை. ஒரு குட்டியை இழந்த உங்களுக்கு அந்தக் கணக்கை நான் போட்டுக்காட்டத் தேவையில்லை.

இனி இந்த வருடத்து இரண்டுக்கும் வருகிறேன். மேட்டில் உறவினர் கொட்டகையோ கல்யாண மண்டபத்துக் காலி இடமோ, எதுவானாலும் இப்போதே பேசி வையுங்கள். ஐப்பசி முதல் வாரத்திலேயே சினைக் குதிரைகளை அங்கே மாற்றிவிடுங்கள். அவசரம் எதற்கு என்றால், அந்த இடத்துக் கிருமிகளுக்கு எதிரான சக்தியைத் தாய் சீம்பாலில் சேர்த்து வைக்க நான்கு வாரமாவது அங்கே இருக்க வேண்டும். குதிரைக்குட்டிக்கு வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி எதுவும் வருவதில்லை, சீம்பால்தான் எல்லாம். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியையும் குட்டி போட நாலிலிருந்து ஆறு வாரம் முன்பு போட்டுவிடுங்கள். நம் கால்நடைகளில் ரணஜன்னிக்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான், வெள்ளத்தில் காலில் ஆணி குத்தாத குதிரையும் இல்லை.

மடிக் காம்பின் நுனியில் தேன்மெழுகு போலக் கெட்டியான மஞ்சள் துளி தெரிந்தால், பெரும்பாலும் ஒன்று இரண்டு நாளில் குட்டி. அன்றிரவு அங்கேயே படுங்கள். பனிக்குடம் உடைந்து அரை மணிக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணியில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணியில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். மாடு வளர்த்துப் பழகியவர்கள் இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஏமாறுகிறார்கள். பசுவுக்கு நஞ்சு விழ அரை நாள் பொறுத்திருக்கலாம். குதிரைக்கு மூன்று மணி தாண்டினாலே ஆபத்து. கருப்பையில் சீழ் பிடித்து, குளம்புகளுக்குள் அழற்சி வந்து நடக்க முடியாமல் போகும். கையால் இழுக்காதீர்கள், மருத்துவரை அழையுங்கள்.

இறந்த உங்கள் குட்டிக்கு வந்தது, ஈரப் படுக்கையில் தொப்புள் வழியாக ஏறி மூட்டில் போய் உட்காரும் கிருமியாகத்தான் தெரிகிறது. தொப்புள்கொடி தானாக அறுந்ததும் ஒரு சிறு குவளையில் நீர்த்த போவிடோன் அயோடின் கரைசல் ஊற்றி, தொப்புள் முழுகும்படி வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். முதல் நாள் மூன்று நான்கு தடவை, இன்னும் இரண்டு நாள் தொடர வேண்டும். படுக்கை வைக்கோலில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். கை ஈரமானால் மாற்றுங்கள்.

குட்டி வீசியதற்கு எலிக்காய்ச்சல் காரணமாக இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தில் நின்ற சினைக் குதிரை, சில வாரம் கழித்து வீசுவது இதில் உண்டு. பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஹெர்பிஸ் வைரஸாலும் வீசும். மறுபடி நடந்தால் வீசிய குட்டியையும் நஞ்சையும் வெறுங்கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸில் வைத்து, கால்நடை மருத்துவர் மூலம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வீசிய குதிரையின் கண்ணையும் கவனித்துக்கொண்டிருங்கள். மாதக்கணக்கு கழித்துக்கூடக் கண் சிவந்து நீர் வடியலாம், விட்டால் பார்வை போகும்.

தீனியில் ஒன்று மிக முக்கியம். வெள்ள நிவாரணத்தில் வருகிற கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் எதையும் குதிரைக்கு வைக்காதீர்கள். சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். பூஞ்சை பிடித்த வைக்கோலும் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது உள்ளேதான். காய்ந்த சோளத்தட்டும் கொள்ளும் பத்து நாளுக்குத் தேவையானதை மேட்டிலேயே பரண் போட்டு வையுங்கள். தண்ணீர் ஒரு குதிரைக்கு நாளுக்கு 30 லிட்டர், பால் கொடுப்பதற்கு அதைவிட அதிகம்.

வெள்ளம் வடிந்தபின் மேய விட்டால் புல்லோடு வண்டலும் மணலும் வயிற்றுக்குள் போகும். ஐந்தாறு உருண்டை லத்தியைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் ஆணியில் தொங்கவிடுங்கள். பையின் மூலையில் மணல் படிந்தால் மேய்ச்சலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குளம்பைத் தினம் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். நடுவில் உள்ள முக்கோணச் சதையின் பள்ளத்தில் கறுப்பாக, நாற்றத்தோடு கசிந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது; லாடக்காரரைக் கூப்பிட்டுச் செதுக்கிக் காயவிட வேண்டும். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் நின்ற குதிரைக்குக் காலிலோ அடிவயிற்றிலோ ஓயாமல் கடித்துக்கொள்ளும் புண் வந்து, அதிலிருந்து மஞ்சளாகக் கடினமான சிறு கட்டிகள் உதிர்ந்தால், சாதாரணப் புண் என்று மஞ்சள் பூசிக் காத்திருக்காதீர்கள். பைத்தியோசிஸ் என்ற நோய் அது. வாரத்துக்கு வாரம் பெரிதாகும், சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

மழை பிடிக்கும் முன் ஒரு நாள் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரை அழைத்து இரண்டு குதிரைகளையும் காட்டி, எதிர்பார்க்கும் தேதியை அவரிடம் எழுதிக்கொடுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை லாயத்துக் கதவில் எழுதி வையுங்கள். சேர்த்த தேதி நினைவில்லை என்றால் வீட்டுக் காலண்டரைத் தேடிப் பாருங்கள், குறித்து வைத்திருப்பீர்கள்.