துணைச் செயல்முறையைக் கொன்றது யார்?

கேள்வி: லினக்ஸில் இயங்கும் என் பைத்தான் நிரல், பெரிய படக்கோப்புகளைச் சுருக்குவதற்காக வேறொரு நிரலைத் துணைச் செயல்முறையாக இயக்குகிறது. சில வேளைகளில் அது எந்தப் பிழைச்செய்தியும் தராமல் நின்றுவிடுகிறது. நினைவகப் பற்றாக்குறைதான் காரணமா என்பதை என் நிரலே அறிய வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் வெளியேறும் குறியீட்டை (செயல்முறை முடியும்போது தரும் எண்ணை) மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நினைவகம் தீர்ந்துபோகும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு சிக்கில் (SIGKILL) எனப்படும், உடனே நிறுத்தச் செய்யும் 9ஆம் எண் சிக்னலை அனுப்புகிறது. அதை எந்த நிரலாலும் பிடித்துக் கையாள முடியாது என்பதால்தான் உங்களுக்குப் பிழைச்செய்தி கிடைப்பதில்லை. பைத்தான் இதை -9 என்று காட்டும். இடையில் ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) இருந்தால் 128உடன் 9 சேர்ந்து 137 என வரும். எனினும், நேரக்கெடு வைத்த மேற்பார்வை நிரல் ஒன்று அதே சிக்னலை அனுப்பியிருந்தாலும் இதே எண்தான் வரும்.

உறுதியான சான்று கெர்னலிடம் இருக்கிறது. துணைச் செயல்முறையைத் தனி சிகுரூப் (cgroup, செயல்முறைகளைக் குழுவாக்கி அவற்றின் நினைவகப் பயன்பாட்டைக் கணக்கிடும் கெர்னல் வசதி) ஒன்றில் இயக்கி, இரண்டாம் பதிப்பு சிகுரூப்பின் மெமரி.ஈவென்ட்ஸ் (memory.events) கோப்பிலுள்ள ஓஓஎம்_கில் (oom_kill) எண்ணிக்கையை, அதாவது நினைவகப் பற்றாக்குறையால் கொல்லப்பட்ட செயல்முறைகளின் எண்ணிக்கையை, இயக்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள். துணைச் செயல்முறை தோற்றுவித்த இன்னொரு செயல்முறை கொல்லப்பட்டு, துணைச் செயல்முறையோ சாதாரணமாக 1 என்ற குறியீட்டுடன் வெளியேறினாலும், இந்த எண்ணிக்கை உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். இம்முறையை நான் வலியுறுத்துவதற்கு முதன்மைக் காரணம் இதுவே. சிகுரூப்பை நீக்குவதற்கு முன்பே கோப்பைப் படித்துவிட வேண்டும். கெர்னல் பதிவிலும் கொல்லப்பட்ட செயல்முறையின் எண் இருக்கும். ஆனால் அதைப் படிக்கப் பல கணினிகளில் நிர்வாகி அனுமதி தேவைப்படும்.