முதல் வளைவைத் தாண்ட முடியாதவர்களுக்கு: அமிகாவில் 'டீம் சுஸுகி' – கேள்வி பதில்

'டீம் சுஸுகி' 1991இல் வந்த பைக் பந்தயக் கணினி விளையாட்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த கிரெம்லின் (Gremlin) நிறுவனம் வெளியிட்டது. அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினியில் இதைத் தொடங்கித் திணறுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, முதல் வளைவிலேயே தடத்தை விட்டு வெளியே போய்விடுகிறேன். டிஸ்க்கில் கோளாறா?

டிஸ்க்கில் ஒன்றுமில்லை. எடுத்ததுமே 500 சிசி வண்டியில் ஏறியிருப்பீர்கள். 125, 250, 500 என்று மூன்று வகை இருப்பது சும்மா இல்லை. ஒரு வாரம் 125ஐ மட்டும் ஓட்டுங்கள். போட்டியே வேண்டாம், தனியாகச் சுற்றினால் போதும்.

மவுஸை லேசாகத் தொட்டாலே வண்டி ஒரேயடியாகச் சாய்கிறது. எப்படிப் பிடிப்பது?

இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. மவுஸ் இங்கே ஸ்டியரிங் இல்லை, உங்கள் உடம்பு. அதை நகர்த்தினால் வண்டி சாயும். நிமிர வேண்டுமானால் நகர்த்திய அளவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பலர் வளைவு முடிந்ததும் கையை நிறுத்திவிடுகிறார்கள், வண்டியோ இன்னும் சாய்ந்தே ஓடுகிறது. மணிக்கட்டை மேசையில் ஊன்றி, விரல்களால் மட்டும் தள்ளிப் பாருங்கள்.

அப்புறம், மவுஸைக் கவிழ்த்து அடிமூடியைத் திருகி உருண்டையை வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் கருப்பாக ஓர் அழுக்கு வளையம் படிந்திருக்கும். நகத்தால் மெதுவாகச் சுரண்டிவிடுங்கள். என் மவுஸ் இடப்பக்கம் மட்டும் திக்கித் திக்கிப் போனது. மாதக்கணக்கில் இடது வளைவுகள் எனக்கு வராது என்றே நினைத்திருந்தேன். காரணம் இந்த அழுக்குதான்.

பிரேக் எப்போது பிடிப்பது?

சாய்வதற்கு முன், வண்டி நேராக ஓடும்போதே. டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். அதைச் சாய்வுக்கும் கொடுத்து பிரேக்குக்கும் கொடுத்தால் இரண்டுக்கும் போதாது. நிஜ பைக்கிலும் இதே கதைதான். வெளியோரமாக வந்து, வேகத்தைக் குறைத்து, பிறகு சாய்ந்து உள்ளோரத்தைத் தொடுங்கள். வெளியேறும் வழி கண்ணில் பட்ட பிறகு ஆக்ஸிலேட்டரைத் திறக்கலாம்.

125 பழகிவிட்டது. 500க்குப் போனால் எல்லாம் மறந்ததுபோல் ஆகிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான். அந்தக் காலத்து 500 பந்தய வண்டிகள் டூ-ஸ்ட்ரோக். குறைந்த சுழற்சியில் சாதுவாக இருக்கும் இன்ஜின், குறிப்பிட்ட சுழற்சி வேகத்தைத் தொட்டதும் திடீரென்று சீறும். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும், அதைப் பல மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள். சுஸுகியின் ஆர்ஜிவி 500ஐ ஓட்டி 1993இல் உலகப் பட்டம் வென்ற கெவின் ஷ்வான்ட்ஸ் போன்றவர்களையே தூக்கி எறிந்த ரகம் அது. அதனால் 250ஐத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

படம் ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கிறது?

அமிகாவுக்குள் 7 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 68000 சிப், படத்தில் வரும் ஒவ்வொரு பலகோணத்தையும் கணக்குப் போட்டு வரைகிறது. அலங்காரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறார்கள். சரியான முடிவு என்பேன். மரம், கூட்டம் எல்லாம் இருந்து படம் திக்கினால், எங்கே சாய்வது என்று எப்படித் தெரியும்?

என்னிடம் அமிகா இல்லை. இன்றைய கணினியை அமிகா போல இயங்கவைக்கும் எமுலேட்டர் போதுமா?

தாராளமாகப் போதும். வின்யுஏஇ அல்லது எஃப்எஸ்-யுஏஇ எமுலேட்டரில் அமிகா 500, கிக்ஸ்டார்ட் 1.3 (அமிகாவைத் தொடக்கிவைக்கும் ரோம் மென்பொருள்), 1 எம்பி நினைவகம் என்று வைத்துத் தொடங்குங்கள். கிக்ஸ்டார்ட் ரோமுக்குப் பதிப்புரிமை உண்டு. 'அமிகா ஃபாரெவர்' தொகுப்பை வாங்கினால் முறைப்படி கிடைக்கும். இன்றைய மவுஸ் மிக நுணுக்கமானது என்பதால் எமுலேட்டரில் மவுஸ் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

சுற்று நேரம் குறையவே மாட்டேன் என்கிறது.

ஒரே பந்தயத் தடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் எந்த இடத்தில் பிரேக் பிடித்தீர்கள் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் ஒரே ஒரு வளைவில் மட்டும் சற்று முன்னதாகப் பிடியுங்கள். வெளியேறும்போது வேகம் கூடியிருந்தால் அந்தக் குறிப்பை மாற்றி எழுதிவிட்டு அடுத்த வளைவுக்குப் போங்கள்.