என் வந்தியத்தேவன் இவர் அல்லர்

சென்ற இதழில், நாவல்கள் திரைப்படமாவதைப் பற்றி ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: படித்தபோது மனத்தில் வந்து நின்றவர் ஒருவர், திரையில் வந்து நின்றவர் வேறொருவர். ஆகவே இம்முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

கேள்வி: பள்ளி நாள்களிலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ நாவலை நான்கு முறை படித்தவள் நான். 2022-இல் திரைப்படத்தைப் பார்த்தபோது கார்த்தி நன்றாக நடிக்கிறார் என்று தோன்றியதே தவிர, இவர்தான் வந்தியத்தேவன் என்று தோன்றவில்லை. இப்போது புத்தகத்தை எடுத்தால் அவர் முகம்தான் வருகிறது. என் பழைய வந்தியத்தேவனைக் காணவே இல்லை. அவனைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: வழி சொல்வதற்கு முன் தங்களிடம் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க விரும்புகிறேன். ஒரு தாளை எடுத்து, காணாமற்போன அந்த வந்தியத்தேவனின் அங்க அடையாளங்களை எழுதுங்கள். மூக்கு எப்படி இருந்தது? புருவங்கள் அடர்த்தியா? காது மடல் ஒட்டியிருந்ததா, தொங்கியதா? காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் அளவுக்கு அடையாளம் சொல்ல உங்களால் முடிந்தால், ஆயிரத்தில் ஒருவர் நீங்கள். என்னால் முடியவில்லை. குதிரை மேல் அவன் உட்கார்ந்திருக்கும் தோரணை தெரிகிறது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும்போது அவன் கண்ணில் வரும் குறும்பு தெரிகிறது. ஆனால் அந்தக் கண் எப்படிப்பட்டது என்று கேட்டால் கையை விரிக்கத்தான் வேண்டும்.

படிக்கும்போது நாம் முகத்தை வரைந்து வைத்துக்கொள்வதில்லை என்பதே என் எண்ணம். ஒரு மனிதரை நெடுநாள் அறிந்திருப்பது போன்ற ஓர் உணர்வை வைத்துக்கொள்கிறோம். அதனோடு ஒரு நிழலுருவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்து எதையும் சொல்லாமல் விட்டுவிடலாம். ஐந்து பாகம் எழுதினாலும் கதாநாயகனின் காதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் இருக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு. கேமராவுக்கு அந்த உரிமை இல்லை. அது காதையும் காட்டியாக வேண்டும், கழுத்து மச்சத்தையும் காட்டியாக வேண்டும். நாம் திறந்தே வைத்திருந்த ஆயிரம் சின்னக் கேள்விகளுக்கு அது ஒரே நொடியில் விடை எழுதிவிடுகிறது. உங்களுக்கு ஏற்பட்ட உறுத்தலில் பெரும்பகுதி இதுதான், கார்த்தியின் இடத்தில் யார் வந்திருந்தாலும் இது ஏற்பட்டிருக்கும். மங்கலாக இருந்ததைத் தெளிவாக இருப்பது எளிதில் அழித்துவிடும் என்பதால்தான் இப்போது பழையவன் வர மறுக்கிறான்.

இனி வழி. படத்தில் இடம்பெறாத பகுதிகளிலிருந்து மறுவாசிப்பைத் தொடங்குங்கள். மணிமேகலைக்குப் படத்தில் இடமே இல்லை. நாவலிலோ அவள் இல்லாமல் முடிவே இல்லை. அவள் வரும் அத்தியாயங்களில் உங்களுக்குக் கைகொடுக்கத் திரைக்காட்சி எதுவும் இருக்காது, எனவே வந்தியத்தேவனின் முகமும் சற்றே நெகிழ்ந்து பழையபடி மங்கத் தொடங்கும். வாய்விட்டுப் படிப்பதும் உதவும்: முகத்தைப் பறித்தாலும் குரலை நடிகர் அவ்வளவு எளிதில் பறித்துவிட முடியாது, ஏனெனில் அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பது நீங்கள்.

கேள்வி: கற்பனை கற்பனை என்கிறீர்களே, அந்தக் காலத்து வாசகர்கள் உண்மையிலேயே கற்பனைதான் செய்தார்களா? தொடர்கதைக்கு வாரந்தோறும் ஓவியம் வந்ததே?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 1950-இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வரத் தொடங்கியபோது அதனோடு மணியத்தின் ஓவியங்களும் வந்தன. குந்தவையின் கொண்டையும் நந்தினியின் பார்வையும் கல்கி எழுதி எவ்வளவு வந்தனவோ, அவ்வளவு மணியம் வரைந்தும் வந்தன. ‘என் குந்தவை இப்படி இல்லை’ என்று திரையைப் பார்த்துச் சொல்லும் மூத்த வாசகர்களில் பலர், தங்களை அறியாமலே, ‘மணியத்தின் குந்தவை இப்படி இல்லை’ என்றுதான் சொல்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அதே நிலைதான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் மடல் தொப்பி, பெரும்பாலும் சிட்னி பேஜெட் வரைந்த ஓவியங்கள் வழியாகவே உலகத்தார் தலையில் ஏறியது. தாம் எண்ணியிருந்த ஹோம்ஸ் இவ்வளவு அழகன் அல்லன் என்று கானன் டாயிலே தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். படைத்தவரின் மனத்தில் இருந்தவரே ஓவியரிடம் தோற்றுப்போன பிறகு, நடிகர்கள் யாரோடு பொருந்த வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது?

இன்னொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. கல்கியின் ‘தியாகபூமி’ ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே தொடரில் அச்சாயின. படம் 1939-இல் வெளிவந்தது. அந்த வாசகர்களுக்குச் சம்பு சாஸ்திரி என்றால் முதல் வாரத்திலிருந்தே பாபநாசம் சிவன்தான், சாவித்திரி என்றால் எஸ்.டி. சுப்புலட்சுமிதான். ‘நான் நினைத்தவர் இவர் அல்லர்’ என்று அவர்கள் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. அது அவர்களுக்குக் கிடைத்த வசதியா, அவர்கள் இழந்த இன்பமா என்று என்னைக் கேட்டால், இழப்பு என்றே சொல்வேன்.

கேள்வி: உடல் தோற்றம் முக்கியமில்லை என்றால் எழுத்தாளர்கள் எதற்காக உயரத்தையும் நிறத்தையும் வர்ணிக்கிறார்கள்?

பதில்: முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எல்லா வர்ணனையும் ஒரே எடை கொண்டதன்று என்கிறேன். சில அடையாளங்கள் கதையைத் தாங்கும் தூண்கள், சில வெறும் பூச்சு வேலை.

லீ சைல்டு எழுதிய ஜாக் ரீச்சர் 6 அடி 5 அங்குல உயரமும் 250 பவுண்டு எடையும் உள்ளவன். அவன் ஓர் அறைக்குள் நுழைந்தாலே அங்கிருப்பவர்கள் கணக்குப் போடத் தொடங்குவார்கள். பாதிச் சண்டை கையை ஓங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். அவனைவிட முக்கால் அடிக்கு மேல் குட்டையான டாம் குரூஸ் 2012-இலும் 2016-இலும் அந்த வேடத்தில் நடித்தபோது வாசகர்கள் கொதித்தார்கள். ரீச்சரின் உருவம் தடுத்து நிறுத்த முடியாத ஆற்றலுக்கு ஓர் உருவகம், அதை டாம் குரூஸ் தம் வழியில் காட்டுகிறார் என்று சைல்டு முதலில் வாதாடினார். 2018-இல், வாசகர்கள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். 2022-இல் வந்த தொடரில் ஆஜானுபாகுவான ஆலன் ரிட்ச்சன் அந்த வேடத்துக்கு வந்தார். இங்கே உயரம் ஒரு தூண். வாசகர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஹாரி பாட்டரின் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் பச்சை, நடித்த டேனியல் ராட்கிளிஃபுக்கு நீலம். பச்சை வில்லையைப் பொருத்திப் பார்த்தார்கள், கண் ஏற்கவில்லை, விட்டுவிட்டார்கள். இதனால் கதைக்கு என்ன குடிமுழுகியது? ஒன்றுமில்லை. ஏனெனில் அங்கே தூணாக இருப்பது பச்சை நிறம் அன்று, ‘தாயின் கண்கள் மகனுக்கு’ என்பதுதான். ஆனால் கடைசிப் படத்தில் சிறுமியாக வரும் அந்தத் தாயின் கண்கள் பழுப்பாக இருந்தன பாருங்கள், அதுதான் பிழை. அதே படங்களில், புத்தகக் கணக்குப்படி முப்பதைச் சற்றே கடந்த ஸ்நேப்பாக, ஐம்பதைக் கடந்த ஆலன் ரிக்மன் நடித்தார். இருபது ஆண்டு வேறுபாட்டைப் பற்றி முணுமுணுத்தவர்கள் மிகச் சிலரே. இழுத்து இழுத்துப் பேசும் அந்த ஏளனக் குரல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம்முடைய ஆழ்வார்க்கடியான் நம்பி நாவலில் கட்டைக் குட்டையானவன். கையில் தடி, வாயில் வம்பு. அந்த உடலுக்குள் அவ்வளவு பெரிய ஒற்றன் ஒளிந்திருக்கிறான் என்பதில்தான் அவனுடைய சுவை. அந்த வேடத்துக்கு உயரமான ஜெயராமைத் தேர்ந்தெடுத்தது துணிச்சல். தம்மைக் குள்ளமாகக் காட்ட அவர் படாத பாடு பட்டிருப்பது திரையிலேயே தெரிகிறது. என் தீர்ப்பு: உயரத்தை அவர் முழுதும் மறைக்கவில்லை, வம்பை முழுதும் கொண்டுவந்துவிட்டார். கடன் தீர்ந்தது.

கேள்வி: சுஜாதாவின் கணேஷாக ரஜினிகாந்தைத் தங்களால் ஏற்க முடிந்ததா?

பதில்: முடியவில்லை. 1978-இல் வந்த ‘ப்ரியா’வை ஒரு ரஜினி படமாகப் பார்த்தால் குறையொன்றும் இல்லை. ஆனால் கணேஷ் குறைவாகப் பேசி நிறையக் கவனிப்பவன், திரையில் ஓரமாக நிற்கத் தெரிந்தவன். ஒரு நட்சத்திரத்தை யாராவது ஓரமாக நிற்க விடுவார்களா?

கேள்வி: நட்சத்திரங்கள் பாத்திரத்தை விழுங்கிவிடுவார்கள் என்கிறீர்கள். அப்படியானால் சிக்கல் சண்முகசுந்தரம்?

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ கொத்தமங்கலம் சுப்பு எழுதி, கோபுலுவின் ஓவியங்களோடு வந்த தொடர். 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது சிவாஜி கணேசன் மாபெரும் நட்சத்திரம். நான் சற்றுமுன் சொன்ன கணக்குப்படி அவர் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. தொடரை வாரம் தவறாமல் படித்தவர்கள்கூட இன்று அந்தப் பெயரைச் சொன்னால் அவரைத்தான் பார்க்கிறார்கள்.

காரணம் தொழில் என்று நினைக்கிறேன். படத்தில் ஒலிக்கும் நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆனால் மூச்சை அடக்கும் கன்னமும், புடைக்கும் கழுத்து நரம்பும், ஒரு பிருகா முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரை நோக்கி எழும் பெருமிதப் பார்வையும் சிவாஜியுடையவை. வித்வானின் முகம் எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்குத் தெரியாது. வித்வான் எப்படி உட்காருவார், எதற்குக் கோபித்துக்கொள்வார் என்று தெரியும். தெரிந்ததை அவர் சரியாகச் செய்தார், தெரியாததை நாம் அவரிடமே விட்டுவிட்டோம்.

கேள்வி: எழுத்தாளரே ஒரு நடிகரை ஏற்றுக்கொண்டுவிட்டால் வாசகர்கள் மறுப்பது முறையா?

பதில்: எழுத்தாளர்களும் நம்மைப் போலவே மனம் மாறுகிறவர்கள். தம் ரத்தக்காட்டேரி நாயகன் லெஸ்டாட்டாக டாம் குரூஸ் நடிக்கப் போகிறார் என்றறிந்து ஆன் ரைஸ் வெளிப்படையாகக் கண்டித்தார்; 1994-இல் படத்தைப் பார்த்த பிறகு தம் சொந்தச் செலவில் பத்திரிகை விளம்பரம் கொடுத்துப் பாராட்டினார். ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஸ்காட்லாந்துக்காரர் ஷான் கானரி மீது, பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்குக்கு முதலில் நம்பிக்கை இல்லை. பிறகு எழுதிய நாவலில் ஜேம்ஸ் பாண்டின் தந்தையையே ஸ்காட்லாந்துக்காரராக்கிவிட்டார். ஸ்டீஃபன் கிங்கோ ‘தி ஷைனிங்’ படத்தின் ஜாக் நிக்கல்சனை இன்றுவரை ஏற்கவில்லை: கதையில் சிறிது சிறிதாகப் பித்துப் பிடிக்க வேண்டியவன், படத்தில் முதல் காட்சியிலேயே பித்தனாகத் தெரிகிறான் என்பது அவர் குறை. இந்த மூவரில் கிங்கின் முறையீடுதான் எனக்குப் பிடித்தது. அவர் முகத்தைப் பற்றிப் பேசவில்லை, பாத்திரம் கடக்க வேண்டிய தூரத்தைப் பற்றிப் பேசுகிறார்.

கேள்வி: தவறு வாசகர்கள் பக்கம் இருந்ததே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? ‘ஹங்கர் கேம்ஸ்’ படம் 2012-இல் வந்தபோது, ரூ என்ற சிறுமியாகக் கறுப்பினப் பெண் ஒருத்தி நடித்ததற்குச் சிலர் ஆத்திரப்பட்டார்கள். அவளுடைய தோல் கரும்பழுப்பு என்று புத்தகத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. கண் அந்த வரியைக் கடந்து போயிருக்கிறது, மனம் தனக்குப் பழகிய நிறத்தைப் பூசிக்கொண்டிருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ‘கான் வித் த விண்ட்’ நாவலின் முதல் வாக்கியமே ஸ்கார்லெட் அழகியல்லள் என்றுதான் தொடங்குகிறது. படத்தில் விவியன் லீயைப் பார்த்த பிறகு நாவலை மறுபடி எடுத்தவன், அந்த வாக்கியத்தை அச்சுப்பிழையோ என்பதுபோல் இரண்டு முறை படித்தேன்.

கேள்வி: படிக்கும்போது எனக்கு எந்த முகமுமே தோன்றுவதில்லை. அதனால் எந்த நடிகர் வந்தாலும் ஏமாற்றமும் இல்லை. இது குறைபாடா?

பதில்: இல்லை. மனக்கண்ணில் உருவம் தோன்றுவது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது என்பதை ஃபிரான்சிஸ் கால்டன் 1880-இலேயே எழுதினார். உருவமே தோன்றாதவர்களும் இருக்கிறார்கள். அந்த நிலைக்கு 2015-இல் ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவர் ‘அஃபாண்டேசியா’ என்று பெயரிட்டார். மற்றவர்கள் ஏமாந்து திரும்பும் அரங்கிலிருந்து நீங்கள் மட்டும் நிம்மதியாக வெளியே வருகிறீர்கள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

கேள்வி: என் மகள் ஒரு நாவலைப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள், அதன் படமும் வீட்டில் பார்க்கக் கிடைக்கிறது. எதை முதலில் அனுமதிக்கலாம்?

பதில்: புத்தகத்தை. படத்தை எப்போது பார்த்தாலும் அதே முகங்கள்தான் வரும்; புத்தகத்தை முகமில்லாமல் படிக்கும் வாய்ப்பு ஒரு முறைதான். அதற்குள் அவள் படத்தைப் பார்த்துவிட்டால் தடுக்கவும் வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். ஒன்றை மட்டும் தவிர்க்கப் பாருங்கள்: நடிகர்களின் படத்தை அட்டையில் அச்சிட்ட பதிப்பு. ஒருவன் பூச்சியாக மாறிவிடும் கதையான காஃப்காவின் ‘உருமாற்றம்’ 1915-இல் அச்சுக்குப் போனபோது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தொலைவிலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று அவர் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். ஓவியர் அதற்கு இணங்கி, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருக்கும் ஒருவனையும், அவனுக்குப் பின்னால் இருண்ட அறையை நோக்கித் திறந்திருக்கும் ஒரு கதவையும் மட்டும் வரைந்து கொடுத்தார்.