பெயர்ப்பலகைக் கடைக்கு எந்த பிளாட்பெட் கட்டர் சரி?

பெயர்ப்பலகைக் கடைக்கு பிளாட்பெட் கட்டர் (பலகையைத் தட்டையான மேசையில் படுக்க வைத்து வெட்டும் இயந்திரம்) வாங்கும்போது எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வேகத்தை அல்ல, எந்தப் பொருளை அதிகம் வெட்டுகிறீர்கள் என்று உங்கள் பில் புத்தகத்தைப் பாருங்கள்.

வினைல் ஸ்டிக்கர் மட்டும்தான் என்றால் சுருளை ஓட்டி வெட்டும் ரோல் கட்டரே போதும். ஃபோம் போர்டு, நெளி அட்டைக்கு மேலும் கீழும் அதிரும் கத்தி வேண்டும். இழுபடும் சாதாரணக் கத்தி விளிம்பைப் பிய்த்துவிடும். அக்ரிலிக், அலுமினியக் கூட்டுத் தகடு என்றால் சுழலும் வெட்டுமுனை கொண்ட ரூட்டர் தலையும் தூசி உறிஞ்சியும் கட்டாயம். லேசர் அக்ரிலிக்கைப் பளபளப்பாக வெட்டும், உண்மைதான். ஆனால் பிவிசி பலகையை லேசரில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

மேசையில் 1220 × 2440 மி.மீ. முழுப் பலகை படுக்க வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது, பலகையை அசையாமல் பிடிக்கும் வெற்றிட உறிஞ்சல். அது பகுதி பகுதியாகத் திறந்து மூடும்படி இருக்கட்டும். இல்லாவிட்டால் சிறு துண்டு வைக்கும்போது மீதி இடத்தில் காற்று புகுந்து பிடி தளர்ந்துவிடும். சிறிய எழுத்துகள் நழுவிக் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

அச்சிட்ட பலகைகளை வெட்டுவதானால் கேமரா இல்லாத இயந்திரத்தை வாங்காதீர்கள். அச்சு சற்றே கோணினாலும் பலகையில் அச்சிட்ட குறிகளைப் படித்து வெட்டும் பாதையைத் திருத்துவது கேமராதான்.

முன்பணம் கொடுக்குமுன் உங்கள் பலகையையே கொண்டுபோய் வெட்டச் சொல்லி, நான்கு மூலைகளையும் அளந்து பாருங்கள்.